பாஸான வண்டி

மூன்று மாதமாக அணையாத இன்ஜின் எச்சரிக்கை விளக்கோடும் கக்கும் கரும்புகையோடும் சின்ன காஞ்சிபுரம் மெக்கானிக் ரியாஸிடம் காரைக் கொண்டுவந்தார் மணிவண்ணன். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை இரண்டு தடவை மாற்றியும் பலனில்லையாம்.

ரியாஸ் சென்சாரைக் கழற்றவில்லை. அதன் ஹீட்டருக்குப் போகும் வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"சென்சார் நல்லாத்தான் இருக்குது சார். ஹீட்டருக்குக் கரண்டே வரல. வயரை எலி கடிச்சிருக்குது. அதான் புகை தள்ளுது."

மணிவண்ணன் கொதித்தார். "இதைக்கூட பாக்காம ரெண்டு சென்சார் மாத்திக்கினு இருந்தானுங்களா? தொழில்ல ஒரு நேர்மை வேணாமாப்பா?"

வயரைச் சரிசெய்ததும் விளக்கு அணைந்தது. காருக்குள் கிடந்த புகைச் சான்றிதழை ரியாஸ் எடுத்துப் பார்த்தான். போன மாதம் வாங்கியது.

"இந்தப் புகைக்கு பாஸா? எவன் சார் அந்த மகானுபாவன்?"

"யாருக்குப்பா தெரியும்!" என்று சான்றிதழை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கிளம்பினார் மணிவண்ணன்.

மறுநாள் தன் பைக்குக்குச் சான்றிதழ் வாங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனான் ரியாஸ்.

"சார், வண்டியை உள்ள கொண்டாரட்டுமா?"

கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே முதலாளி மணிவண்ணன் சொன்னார்:

"வண்டியெல்லாம் எதுக்குப்பா? நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கினு வா, போதும்."