ஓட்டை போடாத தொட்டி

"முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்துடும் போலிருக்கு. இந்தப் படியைக் கட்டினவனைத்தான் முதல்ல உதைக்கணும்" என்று மூச்சு வாங்கியபடி, தொழிலாளர் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார் கட்டடக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர். நிமிர்ந்து பார்த்ததும் வலி மறந்து ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய ஸ்டோர் முழுக்க அங்கே காய்த்துத் தொங்கியது. பெயிண்ட் வாளிகளில் தக்காளி. சுவருக்குப் பூசும் புட்டி டப்பாக்களில் கீரை. பாதியாக அறுத்த பீப்பாயில் கத்திரி. கைப்பிடிச்சுவர் ஓரமாக, மல்லாத்தி வைத்த மஞ்சள் ஹெல்மெட் ஒன்றில் மிளகாய்ச் செடி.

"இது கம்பெனி கட்டடமா, உங்கப்பன் வீட்டுத் தோட்டமாம்மா?"

செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தவள் தலையைத் தூக்கினாள். நாலு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போன கம்பிக்காரனின் மனைவி. நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறாள். தர முடியாது என்று கம்பெனி பதில் கொடுத்துவிட்டது. என்ன காரணம் சொன்னார்கள் என்று ஸ்டோர்கீப்பர் விசாரித்ததில்லை. அது ஆபீஸ் விவகாரம். அவள் வீட்டைக் காலி செய்வதற்குள் கம்பெனிச் சாமான் ஒன்று விடாமல் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும் என்று எஞ்சினியர் சொன்னார், இவர் கிளம்பி வந்துவிட்டார்.

"குப்பையில கெடந்ததைத்தானே எடுத்தேன், அண்ணே. இந்தக் காயை வித்துத்தான் என் வீட்ல அடுப்பெரியுது."

கம்பெனிக் குப்பையும் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்றார் அவர். முதல் வாளியைக் கவிழ்த்தார். மண்ணோடு தக்காளிச் செடி சரிந்தது; பழுக்காத காய்கள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் உருண்டு ஓடின.

வாளிக்கு வாளி அவள் மல்லுக்கு நின்றாள். கத்திரி பூ விட்டிருக்கிறது, ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். வாயும் வயிறுமாக இருக்கிற செடியைப் பிடுங்குகிறவன் விளங்குவானா என்று கொத்தனாரின் மாமியார் காதில் விழும்படி சொன்னாள். ஸ்டோர்கீப்பருக்கு ரோஷம் வந்தது. அவர் என்ன தன் வீட்டுக்கா தூக்கிப் போகிறார்? அதோடு, ஒவ்வொரு வாளியின் அடியிலும் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு வைத்திருந்தாள். நல்ல வாளியை இப்படிச் சல்லடையாக்க எப்படித்தான் மனசு வந்தது என்று அவர் பங்குக்குக் கத்தினார்.

எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியாயிற்று. அவர் கிளம்பும்போது அவள் அந்த ஹெல்மெட்டைச் செடியோடு கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"இதை மட்டும் ஏன் விட்டீங்க? இதையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் தூக்கிப் பார்த்தார். உச்சியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"ஓட்டை வாளியிலயாவது போல்ட்டு, நட்டு போட்டு வைக்கலாம். விரிஞ்ச ஹெல்மெட்டை எவன் தலையில மாட்டுறது? நீயே வச்சுக்கோ. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை."

"நாளைக்குத் திருடிட்டேன்னு வந்து நிப்பீங்க. ஆஸ்பத்திரியில அவர் துணியோட சேர்த்து மூட்டை கட்டிக் கொடுத்தது இது. யாருது, எப்படிக் கெடக்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போங்க."

தன் நேர்மையை நாலு பேர் முன்னால் நிறுத்துப் பார்க்கிறாளே என்று அவருக்கு எரிச்சல். பக்கவாட்டில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"நாப்பத்தேழாம் நம்பர். உன் புருஷனுக்கு என் கையாலயே கொடுத்தது. உச்சி பிளந்திருக்கு. ஸ்டோருக்கு வேணாம். போதுமா?"

"போதும், அண்ணே" என்றாள். அதுவரை கத்திய குரல் சட்டென்று இறங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆபீஸில், ஒன்று விடாமல் மீட்டு வந்துவிட்டதாக ஸ்டோர்கீப்பர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எஞ்சினியர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அவனோட ஹெல்மெட் ஒண்ணைத்தான் சார் விட்டுட்டு வந்தேன். உடைசல். பாவம், ஞாபகமா இருக்கட்டும். யாரும் நாளைக்கு ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு, நம்பரை எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

எஞ்சினியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யோவ், அவன் ஹெல்மெட் போடாம ஏறினான், அதனால சல்லிக்காசு தரமாட்டோம்னுதான்யா கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்கோம்."

மாடியில் இருந்த அத்தனை தொட்டிகளிலும், அவன் விழுந்த அடியிலேயே பிளந்திருந்த அந்த ஒன்றுக்குத்தான் அவள் ஆணி காய்ச்சி ஓட்டை போட வேண்டியிருக்கவில்லை என்பது ஸ்டோர்கீப்பருக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பிக்காரன் உயிருக்குக் கம்பெனி தர வேண்டிய நஷ்டஈடு இன்னும் பாக்கி.