ஜீரோ பார்த்தாயிற்று

செத்துப்போன என் தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் போர்த்த வேண்டும். அது போய்ச் சேராமல் உடலை எடுக்க மாட்டார்கள். சேலை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் காரில் உட்கார்ந்திருந்தேன். பங்க்கைத் தாண்டியதும் கார் இருமி இருமி நின்றுவிட்டது. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று பங்க்காரன் சொன்னதும் இவர் இறங்கிப் போய் அந்த ஜீரோவைச் சாமி கும்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். எவனையும் நம்பாத நானும் அதைத்தான் பார்த்தேன். குழாயை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அளவுல ஏமாத்திருவானோன்னு பாத்தேன் மாமா."

"நல்லா பாத்தீங்க மாப்ளே. ஒரு சொட்டு குறையல."

இந்த ஆளுக்குத்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். மெக்கானிக் வந்து டியூப் விட்டு டேங்கைக் காலி செய்தான். தங்கை மகன் போனில் கத்தினான்: "மாமா, கோடி எங்க வருது? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

மெக்கானிக்கின் முழங்கை வரை பெட்ரோல். "துடைக்க ஒரு துணி குடுங்க சார்" என்றான்.

மாப்பிள்ளை காருக்குள் தலையை விட்டு முன்னும் பின்னும் தேடினார். பிறகு அவர் கண் என் மடியில் வந்து நின்றது.