நீட்டி ஊதும் சங்கு

"அந்தச் சங்கை ஒருக்கா ஊதிக் காட்டுங்கோவன், ஐயா."

லீலாதேவி டீச்சர் கேட்டதும் அந்தோனிமுத்து அவசரமாக உள்பக்கம் கைகாட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம், கதவோரம் நின்ற, கைப்பிடி சுற்றி ஊதும் அந்த இரும்புச் சங்கைச் சூழ்ந்துகொண்டது.

"அது வேணாங்க டீச்சர். உள்ள வாங்க, கொழுந்து அரைச்ச மெஷினக் காட்டுறேன்."

அப்புத்தளைப் பக்கம் அந்தத் தேயிலை ஃபேக்டரியைத் தெரியாதவர் இல்லை. வெள்ளைக்காரன் கட்டியது. மூடிக் கிடந்ததை ஹோட்டலாக்கினார்கள், ஊருக்கே அடையாளமாகிவிட்டது. அங்கே கொழுந்து அரைத்த மனுஷன் இப்போது காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு அதன் கதையைச் சொல்கிறார். என்ன பிழைப்போ.

"அப்ப, இதை எதுக்கு ஊதுறவை?"

"காலையில பேர் பதிஞ்சு வேலைக்கு அனுப்புற பெரட்டுக்குக் கூப்பிட சின்னதா ஊதுவாங்க. விடாம நீட்டி ஊதுனா ஆபத்து. கீழ தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல உள்ள அம்புட்டு பேரும் போட்டது போட்டபடி மாதா கோயிலுக்கு ஓடணும்."

"அப்ப நீட்டியே ஊதுங்கோ."

இந்த மாதம்தான் கொழும்பிலிருந்து வந்த புது மேனேஜர் ஜொனி, அந்தோனிமுத்துவின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, முன்னயெல்லாம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நீட்டி ஊதுவீங்களாமே. இப்ப என்ன வந்துச்சு? முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வேலை போனால் படுக்க இடமும் போகும். ஹோட்டல் ஸ்டோர் மூலையில் ஒரு பாய், ஒரு மாதா படம், அதுதான் அவர் குடித்தனம்.

"கீழ லயம் இருக்கு தம்பி."

"இருந்தா இருக்கட்டும். ஊதுங்க."

அந்தோனிமுத்து கைப்பிடியைச் சுற்றினார். சங்கு விடாமல் அலறியது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லோரும் ஃபோனில் படம் பிடித்தார்கள்.

சத்தம் அடங்கியதும் ஜொனி கீழே எட்டிப் பார்த்தான். லயத்து வாசலில் துணி காயப்போட்ட பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே, ஒரு ஈ காக்கா வெளிய வரல. இதுக்குப் போயா பயந்தீங்க?"

"அன்னிக்கும் வரல தம்பி," என்றார் அந்தோனிமுத்து. "போன கார்த்திகையில மல சரிய ஆரம்பிச்சப்ப நாந்தான் ஊதுனேன், கை ஓயுற வரைக்கும். அந்த மழையிலயும் ஹோட்டலுக்கு பஸ் வந்திருக்குன்னு நெனச்சு, எம் பொண்டாட்டி ரொட்டி தட்டிக்கிட்டே இருந்துட்டா."