வலது பக்கத்து கண்ட்ரோல்

காலை ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்ததிலிருந்து மதியத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு முறை ஹெப்சிபா கண்ட்ரோல் விசையை அழுத்திவிட்டாள். எல்லாமே இடது பக்கத்து விசைதான். அதோடு சி சேர்ந்தால் நகல், வி சேர்ந்தால் ஒட்டல், பி சேர்ந்தால் அச்சு.

விசைப்பலகையின் வலது ஓரத்திலும் அதே வேலை செய்யும் கண்ட்ரோல் ஒன்று இருந்தது. அவள் அதைத் தொட்டதே இல்லை.

"அச்சுக்காவது என்னைக் கூப்பிடலாம்ல அண்ணே? பி என் பக்கம்தானே இருக்கு?" என்றது வலது.

"உனக்கென்னடா, எழுத்து அழியாம புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கே. என்னைப் பாரு, மொட்டையாயிட்டேன்" என்றது இடது.

"ஒரே ஒரு தடவை போதும். அவ விரல் எப்படி இருக்கும் அண்ணே?"

"அவசரமா இருக்கும்."

அன்று மாலை அவள் சுண்டுவிரல் வலது ஓரத்துக்கு வந்தது. கண்ட்ரோலைத் தாண்டி, அம்புக்குறியை அழுத்திவிட்டுத் திரும்பியது.

மார்ச் 14ஆம் தேதி இடது விசையின் மூடி உடைந்து தெறித்தது. ஹெப்சிபா வலது விசையின் மூடியைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுத்து, இடது பக்கத்தில் பொருத்தினாள்.

ஜூன் 2ஆம் தேதி அதன் மேலிருந்த எழுத்தும் முழுதாக அழிந்தது.