ரெண்டு மூட்டை தாங்கும் கேரியர்

"நாளைக்கு மறியலுக்கு உங்க வூட்லேர்ந்து யாரு மாப்ள வர்றது?"

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த இளஞ்செழியன் சட்டென்று திரும்பியதில் எண்ணெய் கால் விரலில் சொட்டியது. வாசலில் அரங்கநாதன் நின்றுகொண்டிருந்தார். ஊர்ச் சங்கத்துத் தலைவர். வாட்டசாட்டமான ஆள். சாதாரண நாளில் தோளில் கிடக்கும் துண்டு இன்று இடுப்பில் இறுகியிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கள்ளக்குறிச்சி ரோட்டில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்ததால் பஸ், லாரி எதுவும் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே தீரவேண்டும் என்பது அரங்கநாதன் உத்தரவு. அவர் கண்டிப்பு ஊரறிந்தது. முந்தின நாள் வளைகாப்புக்குப் போன பெண்களையே வளையலும் தட்டுமாகத் திருப்பி அனுப்பியவர். "நான் பெத்த புள்ளையே வந்தாலும் இந்த மரத்தைத் தாண்ட வுடமாட்டேன்" என்று நடுரோட்டில் நின்று முழங்கியிருந்தார்.

செழியனுக்கும் அந்தப் போராட்டம் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வேலைக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து, இப்போதுதான் ஓர் அரசாங்க வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. போலீஸ் விசாரணை மட்டுமே பாக்கி. மறியலில் கைதாகி ஒரு கேஸ் விழுந்தால் அத்தனையும் பாழ். அதைச் சொன்னால் அரங்கநாதன் விடுவாரா?

"மாமா... நாளைக்கு நான் ஊர்ல இல்லீங்களே."

"பஸ்ஸே ஓடல. எங்க போவ?"

செழியன் கையில் சைக்கிள் இருந்தது. வாயில் பொய் வந்துவிட்டது.

"சைக்கிள் டூருங்க மாமா! அணை ஏரியை முழுசா ஒரு சுத்து. ரொம்ப நாளா பிளான் பண்ணிக்கினு இருக்கேன்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா ராஜாம்பாளின் முறம் சட்டென்று நின்றது. ரேஷன் கடைக்குப் போகவே மூக்கால் அழுகிற பிள்ளை, ஏரியைச் சுற்றப் போகிறானாம்.

அரங்கநாதன் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவரோ துவைகல்லின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எந்தப் பக்கமா போவ?"

பொய்யன் என்று நிரூபிக்கப் பார்க்கிறார்! செழியன் சுதாரித்துக்கொண்டான். நல்ல வேளை, மீன் பிடிக்கப் போய் அந்தப் பக்கமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"ஏரிக்கரை மேல ஏறி, கரும்புக் கொல்லை வழியா மலையடிவாரம் போயிடுவேன் மாமா. அங்கேர்ந்து மாட்டுவண்டித் தடம். தார் ரோட்டை மிதிக்கவே வேணாம்."

"நம்ம ஆளுங்க கண்ணுல படுவியா?"

"ஒரு ஈ காக்கா கண்ணுல கூட படமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒளிந்து ஓடுகிறவன் பேச்சாகிவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நடுவுல ஓடை வருமே?"

"முழங்கால் தண்ணிதாங்க. சைக்கிளைத் தூக்கி வெச்சிக்கினு தாண்டிடலாம்."

"பஞ்சரானா?"

"பம்பு, சொலூசன், ரப்பர் எல்லாம் எடுத்து வெச்சிட்டேன்." எதையும் எடுத்து வைக்கவில்லை.

"அந்தாண்ட கரைக்கு எப்ப போய்ச் சேருவ?"

"காத்தால கெளம்புனா உச்சி வெயிலுக்குள்ள."

"வவுத்துக்கு?"

"கம்பு ரொட்டி. அம்மா சுட்டுத் தர்றேன்னு இருக்காங்க."

உள்ளேயிருந்து பெரிதாக ஓர் இருமல் கேட்டது.

அரங்கநாதன் எழுந்து வந்தார். சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். கேரியரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"கனம் தாங்குமா?"

"கனம் இன்னாங்க மாமா, ஒரு போர்வையும் தூக்குச்சட்டியும்தான்."

"கேட்டதுக்குச் சொல்லு. தாங்குமா, தாங்காதா?"

இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இதில் போய்த் தோற்பதா என்று அவனுக்கு வீம்பு வந்தது.

"ரெண்டு மூட்டை நெல்லு தாங்கும்! வேணும்னா ஏத்திப் பாருங்க."

அரங்கநாதன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டோம் என்றே செழியன் நினைத்தான். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

"மாப்ள, நீ மறியலுக்கு வர வேணாம். யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், இதுவரை யாரும் கேட்டறியாத மெல்லிய குரலில். "அந்தாண்ட கரையில, சம்பந்தி வூட்ல, என் மருமவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதாம். மாடு மேய்க்கறவன் வந்து சொல்லிட்டுப் போறான். நாக்குல சக்கரைத்தண்ணி தொட்டு வெக்க தாத்தாக்காரன் வரணும்னு காத்துக்கினு இருக்காங்க. ரோட்டோட போவலாம்னா, குறுக்கால கெடக்கறது நானே நின்னு வெட்டிப் போட்ட மரம். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தாண்டுவேன்?"

செழியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை பிழைத்தது!

"அதுக்கு இன்னாங்க மாமா, தாராளமா என் சைக்கிளை எடுத்துக்கினு போங்க!"

"எனக்கு எங்க சைக்கிள் வுடத் தெரியும்? விடியக்காலையில வந்துடறேன். நீ மிதி" என்று கேரியரை இன்னொருமுறை பாசத்தோடு தட்டிக்கொடுத்தார்.

அந்த உடம்பை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்த இளஞ்செழியனுக்கு, பேசாமல் மறியலுக்கே போய்விடலாமா என்று முதல் தடவையாகத் தோன்றியது.