கரண்ட் போச்சு

"சிதம்பரத்துல இன்னிக்கி பவர் கட் இருக்காதே?" காரில் ஏறியதிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார் கோவிந்தசாமி. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் குழுவிலிருந்து வந்தவர்.

"காலையிலயே எடுத்துட்டான் சார். இனிமே ராத்திரிதான்" என்றார் பேராசிரியர் மணவாளன், பல்லைக் கடித்துக்கொண்டு. கடலூரிலிருந்தே ஒரே குத்தல் பேச்சு.

"நாலு வருஷமா சாக்குதான் சொல்றீங்க. இன்னிக்கிக் கண்ணால பாக்கலைன்னா, உங்க ஆராய்ச்சிய இழுத்து மூடிடுவேன்."

பார்க்க வேண்டியது இதுதான். இரண்டு தங்க ஊசி முனைகளுக்கு நடுவே ஒற்றை மூலக்கூறு பாலமாக நிற்க வேண்டும், அதில் மின்சாரம் பாய வேண்டும். நாள் முழுக்க மல்லுக்கட்டினாலும் மூலக்கூறு சிக்குவது அபூர்வம். சிக்கியது நழுவினால் மறுபடி கிடைக்காது.

ஆலப்பாக்கம் தாண்டும்போது மணவாளனின் செல்போன் அலறியது. லேபிலிருந்து அவருடைய மாணவி தமிழ்ச்செல்வி.

"சார்! கரண்ட் போச்சு சார்!" குரல் கீச்சிட்டது. பின்னால் ஏ.சி. இரைச்சல் வேறு.

பக்கத்திலிருந்த கோவிந்தசாமிக்கும் கேட்டுவிட்டது. "கரண்டே இல்லாத ஊர்ல ஆராய்ச்சி ஒரு கேடா? டிரைவர், வண்டியத் திருப்புப்பா!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று நொந்துகொண்டார் மணவாளன். ஆத்திரம் முழுக்க அந்தப் பெண்மேல் திரும்பியது.

"சனியனே, இதச் சொல்ல ஒரு போனா? ஊசியெல்லாம் கழட்டி வச்சிட்டு வீட்டப் பாத்துப் போ!"

"கழட்டவா? சார், இப்பத்தானே..."

"எதுத்துப் பேசாத! கழட்டுன்னா கழட்டு. லைன்லயே இருக்கேன்."

அவரை எதிர்த்துப் பேசிவிட்டு யாரும் இதுவரை பட்டம் வாங்கியதில்லை. அது தமிழ்ச்செல்விக்கும் தெரியும். மறுமுனையில் போனை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. கார் கடலூரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன் சார்." அவள் விசும்பினாள்.

"பவர் கட்டுக்கெல்லாம் என்ன அழுவ வேண்டிக் கெடக்கு?"

"பவர் கட்டா? மூலக்கூறு வழியா கரண்ட் போச்சுன்னுல்ல சார் சொன்னேன்!"