பெயர் பார்க்காமல்

இன்பமேரி தன் நெற்றிப் பொட்டை எடுத்து லேப்டாப் திரையின் மூலையில் ஒட்டினாள்.

கம்பெனியின் பெயர் மறைந்தது. விலை ஓடும் ஓரத்தில், போன வருடக் காலண்டரில் கிழித்த ஒரு துண்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

"இப்பத் திரும்புங்க."

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஆரோக்கியசாமி திரும்பினார்.

சங்ககிரியில் ஷேர் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பெண்டாட்டியின் பொட்டை வைத்துப் பார்க்கிறவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

காரணம் இருக்கிறது. முப்பது வருடம் லாரிக்கு பாடி கட்டியவர் அவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு லாரி கம்பெனி ஷேரில் கையிலிருந்ததையெல்லாம் போட்டார். 'அந்தச் சேஸிஸ் என் கைபட்டது, அதாவது விழுவதாவது' என்று சொல்லி, அது விழ விழ இன்னும் வாங்கினார். சார்ட்டின் கோடுகள் எல்லாம் கீழே கைகாட்டிக்கொண்டிருந்தன. அவர் தன் மனசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், வாங்கிப் போட்டிருந்த வீட்டுமனை போயிற்று.

சொல்லப்போனால், கோடு படிப்பதில் அவர் கெட்டிக்காரர். பெயர் தெரிந்தால்தான் புத்தி கெடும். ஆகவே இன்பமேரி ஒரு சட்டம் போட்டாள். பெயர் அவளோடு, கோடு அவரோடு.

"சராசரிக் கோட்டுக்குக் கீழ போயிருச்சு. கை மாறுற வாலியூமும் ஏறுது. பெரிய கையெல்லாம் கம்முனு வித்துட்டு வெளிய போறாங்க. வித்துரு மேரி."

விற்றாள். நேற்று டீக்கடையில் நாலு பேரிடம் அவர் புகழ்ந்து தள்ளிவிட்டு வந்த சோப்புக் கம்பெனி அது.

அடுத்து அவள் லேப்டாப்பைத் தொடவில்லை. கைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள்.

நேற்று ராத்திரிச் சண்டை இன்னும் ஆறியிருக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜெர்ரியை ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வரலாம் என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். ஈஸ்டருக்குக்கூட அவன் வரவில்லை. நாலைந்து மணி நேரப் பயணம்தான். ஆனால், 'என்ற பையனுக்கு என்ன கொறை, ராசாவாட்டம் இருக்கறான்' என்பதோடு ஆரோக்கியசாமி பேச்சை முடித்துவிடுவார். ஒற்றைப் பிள்ளை. அவன் விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. இன்பமேரிக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"இதுக்குச் சார்ட் இல்லீங்க. நம்பர் மட்டுந்தான். வாரத்துக்கு ஒண்ணு."

"பேரு?"

"பேரு உங்களுக்கு எதுக்குங்க?"

அவர் சிரித்துக்கொண்டே பழைய டைரி ஒன்றை இழுத்துப் பென்சிலை எடுத்தார்.

அவள் படித்தாள். முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. முப்பது. இருபத்தொன்று. பதினைந்து. பதினாறு. எட்டு. ஐந்து. இரண்டு.

அவர் புள்ளி வைத்தார். புள்ளிகளை இணைத்தார். மும்மூன்று வாரமாகச் சேர்த்துச் சராசரி எடுத்து இன்னொரு கோடும் போட்டார். போடும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

"நடுவுல ஒருக்கா ஏறுச்சுங்களே?" என்றாள். அவள் மட்டும் ஆசைக்கு விலக்கா என்ன?

"பதினஞ்சு பதினாறானதைச் சொல்றியா? அது ஏத்தமில்ல புள்ள. உழுகறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குது, அவ்வளவுதான். இதுல நம்முளுது எவ்வளவு கெடக்குது?"

"இருக்கறது பூராவும் இதுலதானுங்க."

அவர் பென்சிலைக் கீழே போட்டார்.

"ஒம்போது வாரமா எறங்கிக்கிட்டே இருக்குது. நீ பாத்துட்டுக் கம்முனு இருந்தியா?"

"நல்லாத்தான் இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! என்ற வாயை நம்பி ஒரு மனை போனது பத்தாதா? நம்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கோணுமில்ல? இன்னொரு வாரம் பொறுத்தா ஒண்ணுமில்லாமப் போயிரும். இன்னைக்கே, இப்பவே எந்திரிச்சாகோணும்."

இந்த வார்த்தைக்குத்தான் அவள் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். வந்த பிறகு அதைக் கேட்க அவளுக்கு மனசு தாங்கவில்லை.

தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வரும் அழைப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பேசிய நேரம் இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கு எதிரே இரண்டு நிமிடம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஜெர்ரி என்று இருந்தது.

ஆரோக்கியசாமி டைரியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி டைரியைப் பார்த்தார். அவர் விரல் மகன் பெயரை அழுத்தப் போனது.

இன்பமேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காதீங்க. நல்லாருக்கறேன்னுதான் சொல்லுவான்."

சந்தை மூட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தான்கூடப் போடாமல், வாசலில் செருப்பைத் தேடினார்.